ஹிப்போலிட்டாவில் யாருக்கும் ரம் வேண்டாம்

எங்கள் போர்க்கப்பல் ஹிப்போலிட்டா போரில் என்ன செய்தது என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நார்வேயில் படைகளை இறக்கியது. பிறகு தோற்றுப்போன அதே படைகளை ஏற்றிக்கொண்டு திரும்பியது. அட்லாண்டிக்கில் ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பலைத் துரத்திப் பிடித்தது. கிரீட் தீவிலிருந்து சிப்பாய்களை அள்ளி வந்தது. முற்றுகையில் இருந்த மால்டா தீவுக்குப் போன சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனது. அவற்றில் பாதி போய்ச் சேர்ந்தன. நாற்பத்திரண்டாம் வருடக் கோடையில் வயிறு கிழிந்து அலெக்சாண்ட்ரியா துறைமுகத்துக்கு வந்து, ஒட்டுப் போட்டுக்கொண்டு, மறுபடியும் கிளம்பியது. இதில் பொய் எதுவும் இல்லை. ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் கப்பலுக்குள் நடந்தது மட்டும் இதில் இல்லை.

நான் அதில் ஸ்டோக்கர். வில்ஃப் ஸ்ட்ரட், கில்லிங்ஹாம்காரன். ஸ்டோக்கர் என்றால் நிலக்கரி அள்ளுகிறவன் என்று நினைக்கிறார்கள். எங்கள் காலத்தில் பாய்லருக்கு எண்ணெய்தான். பெயர் மட்டும் மிச்சம். பாய்லர் அறை கப்பலின் அடியில், கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும். மேலே பீரங்கிக்காரர்களுக்கு வானம் தெரியும், விமானம் தெரியும். எங்களுக்கு அழுத்தம் காட்டும் முள் தெரியும்.

அந்தக் குண்டு கப்பல்மேல் விழவில்லை. பக்கத்தில் தண்ணீரில் விழுந்தது. மேலே இருந்தவர்களுக்கு அது குறி தவறிய குண்டு. எங்களுக்கு அது சுவரை உள்ளே தள்ளிய குண்டு. முன் பாய்லர் அறையில் எண்ணெய்க் குழாய்கள் உடைந்து எல்லாத் தீயும் அணைந்தது. பின் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், ஐவர் பிடோ, எங்களுக்கு மேலாளாக லீடிங் ஸ்டோக்கர் ஆமோஸ் பெக்கட். தகடுகளின் இணைப்பு விட்டுப்போய்க் கடல் விசிறியடித்து உள்ளே வந்தது. எங்கள் இரண்டு பாய்லரில் ஒன்று செத்தது. ஒன்று எரிந்தது.

ஃபோன் அடித்தது. மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து எஞ்சினியர் அதிகாரி ஹாலம்.

"அணைச்சிட்டு மேல வாங்க. அறையை மூடப்போறேன்."

விதிப்படி சரியான உத்தரவு. அதை இன்றைக்கும் சொல்வேன். நடுச்சுவர் விட்டிருந்தால் மூன்று பேரும் அங்கேயே வெந்திருப்போம்.

"எரியுது சார்," என்றான் பெக்கட். "எரியற வரைக்கும் இருக்கோம்."

"இது உத்தரவு, பெக்கட்."

"கேட்டுது சார்."

"அப்ப உடனே..."

அப்போது பெக்கட் ஒரு வாக்கியம் சொன்னான். அதில் ஹாலமின் தாயாரும் ஓர் ஒட்டகமும் வந்தார்கள். சொல்லிவிட்டு ஃபோனை வைத்தான்.

ஹாலம் மட்டும் கேட்டிருந்தால் ஒருவேளை விழுங்கியிருப்பார். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் செய்தி வாங்கும் மாலுமிகள் இரண்டு பேர் அதே லைனைக் காதில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடற்படையில் ஓர் அதிகாரி கப்பலை இழக்கலாம், விசாரணை முடிந்தால் வேறு கப்பல் கொடுப்பார்கள். மாலுமிகள் காதில் விழும்படி வாங்கிய திட்டை மட்டும் சும்மா விட முடியாது.

பெக்கட் பிடோவைப் பார்த்தான். "பின்னால அந்த வால்வை மூடு." பிடோ முழங்கால் தண்ணீரில் நடந்து போனான். அங்கே ஒரு குழாய் இணைப்பு விட்டுக்கொண்டது. அந்தச் சூட்டில் நீராவி கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும். சத்தம் கேட்டு நான் திரும்பியபோது பிடோ விழுந்து கிடந்தான். ஹாமக்கில், அதாவது எங்கள் தொங்கு படுக்கையில், எனக்குப் பக்கத்தில் படுக்கிறவன். பாடத் தெரியாத ஒரே வேல்ஸ்காரன் என்று அவனைக் கேலி செய்வோம். பெக்கட் அவனைத் தாண்டிப் போய்த் தானே வால்வை மூடிவிட்டு வந்து மறுபடியும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த ஒரு பாய்லரின் நீராவியில் கப்பல் வளைந்து வளைந்து ஓடியது. பிறகு வந்த விமானங்களின் குண்டுகள் எல்லாம் தண்ணீரில் விழுந்தன. நின்ற கப்பல் என்றால் மூழ்கிய கப்பல். பிடோவின் உடலை வழியில் கடலில் விட்டோம்.

அலெக்சாண்ட்ரியாவில் நங்கூரம் போட்ட மறுநாள், அட்மிரலின் பாராட்டை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். எஞ்சின் பிரிவின் உறுதியால் கப்பல் தப்பியதாம். எஞ்சினியர் ஹாலமுக்குப் பதக்கம் பரிந்துரைத்திருக்கிறார்களாம். வாசித்து முடித்த கையோடு கப்பல் போலீஸ்காரர் மட்ஜ் எங்கள் தளத்துக்கு இறங்கி வந்தார்.

"ஆமோஸ், வாப்பா. தொப்பியை எடுத்துக்க."

உத்தரவை மீறியது, மேலதிகாரியைத் திட்டியது. மூன்று மாதம் கரையில் கடற்படைச் சிறை. கப்பல் மறுபடி கிளம்புவதற்கு முன்னால் கேப்டன் தண்டனையை எல்லோர் முன்னாலும் வாசிப்பார், பிறகு படகில் ஏற்றி அனுப்புவார்கள். அதுவரை கப்பலின் மூக்கில் இருக்கும் கூண்டு. அந்தக் கரைச் சிறைக்குப் போய்வந்த ஒருவனை எனக்குத் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தட்டைப் போட்டுவிட்டு விறைத்து நிற்பான்.

பெக்கட்டை எனக்குப் பிடிக்காது. யாருக்கும் பிடிக்காது. தீக்குச்சி கேட்டால் கடையைக் காட்டுவான். ஆனால் ஒரே நீராவிக்கு ஒருவனுக்குப் பதக்கம், ஒருவனுக்குச் சிறை. அது எங்கள் தொண்டையில் இறங்கவில்லை.

எங்கள் சாப்பாட்டு மேஜையில் முதலில் கத்தியது ஃபென். சின்ன வயசு, பெரிய வாய்.

"கதவை உள்ளேருந்து கட்டிருவோம். அவனை விடற வரைக்கும் ஒருத்தனும் பாய்லர் பத்த வைக்கக் கூடாது."

"அப்புறம்?" என்றான் ராப்சன். நியூகாசில் பக்கத்து ஆள். எங்களில் மூத்தவன்.

"அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் உன்னைச் செவுத்தோரமா நிக்க வெச்சுப் பாத்துக்குவாங்கடா. அதை விடு. நாம பத்த வைக்கலேன்னா மால்டால பட்டினி கிடக்கறவன் என்ன பாவம் பண்ணான்? அவனா பெக்கட்டைப் பிடிச்சுக் குடுத்தான்?"

"சரி. எல்லாரும் சேந்து போய்க் கமாண்டரைக் கேப்போம்."

"ரெண்டு பேர் சேந்து போனாலே கலகம். ஒத்தை ஆளாத் தொப்பியைக் கழட்டிட்டுப் போயி, தனக்கு வேண்டியதை மட்டும் கேக்கலாம். அதான் சட்டம்."

"தனக்கு வேண்டியதுன்னா?"

"லீவு. மீசை வெச்சுக்க அனுமதி. அந்த மாதிரி." ராப்சன் கையிலிருந்த காலிக் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ரம் வேணாம்னு சொல்றது."

ஹாமக்கில் படுத்திருந்த ஒருவன் எழுந்து உட்கார்ந்தான்.

இதைச் சொன்னவன் ராப்சன் என்பதைக் கவனிக்க வேண்டும். கடற்படை தினமும் மதியம் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு ரம் கொடுக்கும், தண்ணீர் கலந்து. நாள் முழுவதும் எங்களுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். சட்டை தைத்துக் கொடுத்தவனுக்கு ஒரு மிடறு. உன் காவல் முறையை எடுத்துக்கொண்டவனுக்கு ஒரு பெரிய மிடறு. பிறந்தநாள் வந்தால் மேஜையில் உள்ள எல்லோரும் தங்கள் குவளையை நீட்டுவார்கள். ராப்சன் யாருக்கு எப்போது எத்தனை மிடறு கொடுத்தான் என்பதை வருடக்கணக்கில் மனதில் வைத்திருப்பவன்.

"உனக்கு வேணாமா?" என்றேன்.

"எனக்கு வேணும்டா. அதனாலதான் சொல்றேன். நமக்கு வேணாததை விட்டா அவனுங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

ரம்மை விட்டுவிட யாருக்கும் உரிமை உண்டு. விட்டவனுக்குத் தினம் மூன்று பென்னி கிடைக்கும். ஆனால் பதிவேட்டில் பெயர் மாறுவது அடுத்த மாதம் முதல் தேதியில்தான். அதுவரை அவன் பங்கையும் அளந்து கொண்டுவந்துதான் ஆக வேண்டும். யாரும் வாங்காமல் மிச்சமானதை ஓர் அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கக் கடலில் கொட்ட வேண்டும். சேர்த்து வைக்கக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

மறுநாள் காலை கமாண்டர் லாசல்ஸ் விண்ணப்ப மேஜைக்கு வந்தபோது வரிசை ஏணியைத் தாண்டி வளைந்து நின்றது. கேப்டனுக்கு அடுத்தவர் அவர். கப்பலின் ஒழுங்கு அவர் கையில். மட்ஜ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "தொப்பியை எடு!"

ராப்சன் முதலில் போனான். "ரம்மை விட்டுடலாம்னு இருக்கேன் சார்."

"நீயா?" லாசல்ஸ் நிமிர்ந்தார். "எதுக்கு?"

"அத்தைக்குச் சத்தியம் பண்ணிட்டேன் சார்."

"அத்தை எங்க இருக்காங்க?"

"கேட்ஸ்ஹெட்ல சார்."

"எப்ப சத்தியம் பண்ணுன?"

"இன்னிக்குக் காலையில சார். மனசுல."

"அனுமதி. அடுத்து."

ஃபென். "ரம்மை விடணும் சார். மெத்தடிஸ்ட் ஆயிட்டேன். எங்க சபையில குடிக்கக் கூடாது."

"போன மாசம் கரையில குடிச்சிட்டு ஒரு வேன் கண்ணாடியை உடைச்சது நீதானே?"

"அது மெத்தடிஸ்ட் ஆவறதுக்கு முன்னாடி சார்."

அடுத்தவனுக்கு வாசனை பிடிக்கவில்லையாம். பன்னிரண்டு வருடமாகக் குடிக்கிறாயே என்றார் லாசல்ஸ். மெதுவாகத்தான் தெரிந்தது என்றான். அதற்கடுத்தவனுக்குக் கனவில் அவன் பாதிரியார் வந்தார். இன்னொருவன் ரம் குடித்தால் வீட்டு ஞாபகம் வருகிறது, வீட்டை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றான். மட்ஜ் முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. மீசை மட்டும் கொஞ்சம் ஆடியது.

என் முறை வந்தபோது லாசல்ஸுக்குப் புரிந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார்.

"ஸ்டோக்கருங்க எல்லாரும் ஒரே காலையில புனிதராயிட்டீங்களா?"

"மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது சார்."

"உன் காரணம் என்ன?"

"காரணம் இல்ல சார்."

"காரணம் இல்லாம..."

மட்ஜ் லேசாக இருமினார். "காரணம் சொல்லணும்னு விதி இல்லீங்க சார்."

லாசல்ஸ் வரிசையைப் பார்த்தார். எல்லோரும் சுத்தமாகச் சவரம் செய்திருந்தார்கள். எல்லோரும் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோள் இன்னொருவர் தோளில் படவில்லை. கலகம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

"எல்லாருக்கும் அனுமதி," என்றார். பிறகு, நாங்கள் கேட்கட்டும் என்றே மட்ஜிடம் சொன்னார்: "நாளைக்கு மதியம் வரைக்கும் தாங்க மாட்டானுங்க."

அங்கேதான் அவர் தப்புக் கணக்குப் போட்டார். முப்பது வருடம் மாலுமிகளோடு வாழ்ந்தவர் அவர். ரம் இல்லாமல் மாலுமி இருக்க மாட்டான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

மதியம் விசில் ஊதி, "ஸ்பிரிட் மேலே!" என்று ரம் எடுக்க அழைப்பார்கள். அப்போது கீழ்த்தளத்தில் எல்லோரும் முணுமுணுப்பார்கள்: "பரிசுத்த ஆவி மட்டும் அங்கேயே நிக்கட்டும்." மதுவுக்கும் ஆவிக்கும் ஆங்கிலத்தில் ஸ்பிரிட் என்ற ஒரே சொல்தான், அதை வைத்துப் பாய்மரக் காலத்துக் கிண்டல். அன்றைக்கு மாலுமிகள் முணுமுணுத்தார்கள். ஸ்டோக்கர்கள் பக்கம் சத்தமே இல்லை. மேல்தளத்தில் அரசரை வாழ்த்தும் பித்தளை எழுத்துகள் பதித்த மரத்தொட்டி. அதைச் சுற்றி வெயில். மாலுமிகளின் மேஜைகளிலிருந்து ஆட்கள் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. அன்றைய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், கடைசியில் தலையசைத்தார். தொட்டியைச் சாய்த்தார்கள். ரம் வடிகால் ஓட்டை வழியாகத் துறைமுகத்தில் இறங்கியது. இரும்புத் தளம் சூடாக இருந்ததால் வாசனை எழும்பி எல்லாக் காற்று வழிகளிலும் புகுந்து எங்களிடம் வந்தது.  ராப்சன் ஒரு காலுறையைத் தைத்துக்கொண்டிருந்தான். தைத்த இடத்தையே மறுபடி தைத்தான்.

இரண்டாம் நாள் ராப்சனுக்குப் பிறந்தநாள். யாரும் வாழ்த்தவில்லை. வாழ்த்தினால் அடிப்பான் போலிருந்தது. மதியம் மேலே தொட்டி கவிழும் சத்தம் கேட்டதும், "அது என்னோடது. எல்லாருதும் என்னோடது," என்றான். "மீனுங்களா, நல்லாருங்க."

பக்கத்தில் நின்ற நாசகாரிக் கப்பலின் படகு அந்த நேரம் எங்களைக் கடந்து போயிருக்கிறது. "உங்க கப்பல்ல என்னடா, மூளை குழம்பிருச்சா?" என்று கத்தியிருக்கிறார்கள். மேலிருந்து எங்கள் ஆள் ஒருவன் பதில் சொன்னான்: "இல்ல. பாய்லர் ஒண்ணு எரிஞ்சதுக்கு ஆளைப் புடிச்சு உள்ள போட்டிருக்காங்க." சாயங்காலத்துக்குள் துறைமுகம் முழுக்க அது தெரிந்துவிட்டது.

அன்று பிற்பகல் லாசல்ஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"அங்க கீழ இருந்தவங்கள்ல பெக்கட்டை விட்டா உயிரோட இருக்கறது நீ மட்டும்தான், ஸ்ட்ரட்."

"ஆமா சார்."

"உத்தரவு வந்தது உனக்குத் தெரியும். அவன் மீறினதும் தெரியும். அதை மட்டும் சொன்னாப் போதும். லீடிங் ஸ்டோக்கர் இடம் காலியாவுது. உனக்குத் தகுதி இருக்கு."

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"பிடோ உன் நண்பன்தானே?"

"ஆமா சார்."

"உத்தரவு வந்தப்பவே மேல வந்திருந்தா பிடோ இன்னிக்கு உயிரோட இருப்பான். அவனை அந்த வால்வுக்கு அனுப்புனது யாரு? நீ காப்பாத்தப் பாக்கறது உன் நண்பனைக் கொன்னவனை."

அது பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த விஷம். அவன் போனதிலிருந்து என் ஹாமக்குக்குப் பக்கத்துக் கொக்கி காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கொன்னான் சார்," என்றேன். "ஆனா சிறைக்குப் போறது அதுக்காக இல்ல. நீங்க எழுதுன குற்றச்சாட்டுல பிடோ பேரே கிடையாது. ஒட்டகம்தான் இருக்கு."

லாசல்ஸின் காது சிவந்தது. "வெளிய போ," என்றார்.

மூன்றாம் நாள் கப்பல் கிளம்ப வேண்டிய நாள். ஒட்டுப் போட்ட இடத்தில் சாம்பல் வண்ணம் ஈரமாக இருந்தது. பாய்லர்களைக் காலையிலேயே பற்ற வைத்துவிட்டோம். ஒரு நிமிடம் கூடத் தாமதிக்கவில்லை. அழுத்தம் சரியாக, புகை இல்லாமல். அதில் குறை சொல்ல இடம் கொடுப்பதாக இல்லை. கரையிலிருந்து பெக்கட்டை ஏற்றிப்போகும் படகு பிற்பகலில் வரும் என்று மட்ஜ் சொல்லியிருந்தார். காதில் போட்டுவைக்கிறேன் என்கிற மாதிரி சொன்னார்.

மதியம் விசில் ஊதியது. இந்த முறை முணுமுணுப்பே இல்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் இல்லை. பீரங்கிக்காரர்கள், சிக்னல்காரர்கள், சமையல்காரர்கள், யாரும் பாத்திரத்தோடு மேலே போகவில்லை. அவர்களை நாங்கள் கேட்கவில்லை. சும்மா தங்கள் மேஜைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நிறைந்த தொட்டியின் பக்கத்தில் ஓர் இளம் அதிகாரி மட்டும் நின்றுகொண்டிருந்தாராம், வியர்வையோடு.

பிறகு ஒலிபெருக்கி எல்லோரையும் மேலே வரச் சொன்னது. கேப்டன் தொட்டியருகே நின்றார். கேப்டன் ரம் கொடுக்கிற இடத்துக்கு வருவதில்லை. அது வழக்கமே இல்லை. ஒல்லியான மனிதர். இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காத கண்கள். அவருக்குப் பின்னால் லாசல்ஸும் ஹாலமும்.

"யாருக்காவது புகார் இருக்கா?" என்றார்.

ஐந்நூறு பேர் சும்மா நின்றோம். அது வலை என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் அசைந்தால் போதும், கலகம்.

ராப்சன் என்னைப் பார்க்கவில்லை. ஃபென் பார்க்கவில்லை. அங்கே கீழே இருந்தவன் நான் ஒருவன்தான். ஓரடி முன்னால் வந்தேன், தொப்பியைக் கழற்றினேன்.

"எனக்கு ஒண்ணு இருக்கு சார். எனக்கு மட்டும்."

"சொல்லு."

"பின் பாய்லர் அறையில நானும் இருந்தேன் சார். மேல வரச் சொல்லி உத்தரவு வந்தது. நாங்க வரல. அந்த நீராவியிலதான் கப்பல் வீடு வந்தது. அந்த நீராவி சரின்னா பெக்கட் உள்ள இருக்கக் கூடாது. தப்புன்னா பதக்கம் வரக் கூடாது. ரெண்டும் சேந்து வந்தா எனக்குக் கணக்குப் புரியல சார். அதுதான் புகார்."

லாசல்ஸ் வாயைத் திறந்தார். கேப்டன் கையை லேசாக உயர்த்தினார், திரும்பாமலே.

"ஹாலம். இவன் சொல்றது சரியா?"

ஹாலம் தொட்டியைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். எங்களோடு எண்ணெயில் புரண்டவர்தான்.

"சரிதான் சார்."

"மேலிடத்துக்கு அனுப்புன அறிக்கையில உங்க உத்தரவைப் பத்தி வருதா?"

"அறிக்கையை நான் எழுதல சார்."

"அதை நான் கேக்கல."

"வரல சார்."

கேப்டன் என்னைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டேன், ஸ்ட்ரட். உன் இடத்துக்குப் போ." தொட்டியைச் சாய்க்கச் சொல்லிவிட்டு நடந்தார். ரம் எங்கள் காலடி வழியாக ஓடியது. ஒருவரும் பூட்ஸை நகர்த்தவில்லை.

பிற்பகலில் படகு வந்தது. மறுபடியும் எல்லோரும் தளத்தில். பெக்கட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூண்டில் வெளிச்சம் இல்லாததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். கேப்டன் காகிதத்தைப் பார்க்காமலே பேசினார். உத்தரவை மீறிய குற்றம் கைவிடப்படுகிறது. மேலதிகாரியைத் திட்டிய குற்றம் நிரூபணம். தண்டனை: பத்து நாள் ரம் நிறுத்தம்.

மாலுமிகள் பக்கம் யாரோ ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தும்மினான். கேப்டனின் உதடு ஓரம் கொஞ்சம் அசைந்தது. புத்திசாலி. ஒரு வாக்கியத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டதாக நினைத்தார். படகு காலியாகத் திரும்பியது. சூரியன் சாயும்போது நங்கூரம் எடுத்தோம், மால்டாவை நோக்கி.

முழுவதும் முடியவில்லை. அந்தப் பதக்கப் பரிந்துரையை அவர் திரும்ப வாங்கவில்லை. அடுத்த வருடம் ஹாலமுக்குப் பதக்கம் வந்தது. பெக்கட்டின் பெயர் எதிலும் வரவில்லை. பிடோவின் பெயர் இறந்தவர் வரிசையில் வந்தது, அவ்வளவுதான்.

பெக்கட் கீழே வந்து மேஜையில் உட்கார்ந்தான். நன்றி சொல்வான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"மூணு நாளா ஊத்துனீங்களாமே."

"ஆமா," என்றான் ராப்சன்.

"மூணு நாள். எத்தனை பேரோடது?"

"எல்லாரோடதும்."

"முட்டாப்பயலுங்களா," என்றான் பெக்கட். அவனுக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. "யாரு உங்களைக் கேட்டா? மூணு மாசம் ஓடிருக்கும். ஊத்துன ரம் திரும்பி வருமா?"

மறுநாள் கடலில் இருந்தோம். சுற்றிலும் சரக்குக் கப்பல்கள், வானம் சுத்தம். மதியம் விசில் ஊதியது. இன்றைக்குக் கூட்டம் இருக்கும் என்று லாசல்ஸ் தானே வந்து தொட்டியருகே நின்றாராம். முதல் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது, எங்கள் பங்கு அளந்து வந்திருந்தது. விட்ட சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வார்த்தை போதும். மாலுமிகள் பாத்திரங்களோடு போனார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

பெக்கட் சுற்றிலும் பார்த்தான். "என்னங்கடா? போங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"என்னை விட்டாச்சு. எல்லாம் முடிஞ்சுது. இப்ப யாருக்கு இந்த நாடகம்?"

"நீ குடிக்க முடியாதுல்ல," என்றான் ராப்சன். "பத்து நாள்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நாங்களும் சும்மா உக்காந்திருக்கோம்."

"இன்னிக்குச் சாயங்காலம் தலைமேல குண்டு விழப்போவுதுடா. போய்க் குடிச்சிட்டு வாங்க. நான் லீடிங் ஸ்டோக்கர். சொல்றேன். இது உத்தரவு!"

 ஃபென் சிரித்தான். ராப்சன் சிரிக்கவில்லை. காலுறையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான்.

"எழுதிக் குடு," என்றான். "யோசிச்சுப் பாக்கறோம்."

பெக்கட் என் பக்கம் திரும்பினான். "ஸ்ட்ரட். நீயாவது போடா. உனக்கு என்னைக் கண்டா ஆகாது, எனக்குத் தெரியும்."

"ஆகாதுதான்," என்றேன். "உக்காரு."

அவன் உட்காரவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தான். பாதியில் எச்சரிக்கை மணி அடித்தது. விமானங்கள் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. எழுந்து ஓடினோம். எங்கள் பங்கு மிச்சமிருந்த தொட்டி மேல்தளத்தில் அப்படியே நின்றதாம். அதைக் கவிழ்க்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. முதல் குண்டுக்குக் கப்பல் வளைந்தபோது அது தானே உருண்டு கடலில் கொட்டியதாக மேலே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் கீழே பின் பாய்லர் அறையில், முள்ளைப் பார்த்துக்கொண்டு, பெக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் இன்னும் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தான்.